காணா நோவுக்குச் சான்று யாது?

வலி என்னும் சொல் பண்டைத் தமிழில் வலிமையையே குறித்தது. திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. வினைமேற் செல்லும் அரசன் தன் ஆற்றலையும் பிறர் ஆற்றலையும் எடைபோட்டுப் பார்ப்பதைக் கூறுவது அது. வகுப்பறையில் அதிகாரப் பெயரை மட்டும் சொல்லிப் பொருள் கேட்டால், வைத்தியரிடம் போவதைப் பற்றியது என்று விடை கூற ஒரு பிள்ளையாவது எழுந்து நிற்கும். அப் பிள்ளையைக் குறைகூறுவதற்கில்லை. வழக்கு மாறிவிட்டது. வலிமையைக் குறித்த சொல், வலிமை போனவன் படும் துன்பத்தைக் குறிக்க வந்துவிட்டது. உடல் வருத்தத்துக்கு உரிய பழஞ்சொல் நோ என்பது. நோயும் நோவும் அதிற் பிறந்தவை. யாழ்ப்பாணத்தார் இன்றும் 'நோகுது' என்றே சொல்வர்.

தோட்டப்புறத்துச் சொல்வளம் இன்னும் விரிந்தது. எஹலியகொடையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில், லயத்து வாசலிலே அந்திப்பொழுதில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தாற் போதும். இடுப்பு உளையுது, முட்டி குடையுது, தோள்பட்டை கடுக்குது, காலு இழுக்குது, கை மரத்துப் போகுது, உள்ளங்கால் எரியுது என்று எத்தனையோ வினைகள் செவியில் விழும். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. கடுப்பு, ஒரே அசைவை ஓயாது செய்த உறுப்பிலே தோன்றுவது. உளைச்சல், வேலை முடிந்து உடல் சாய்ந்தபின் எழுவது. குடைச்சல், எலும்பினுள் நின்று துளைப்பதுபோல் இருப்பது. இழுப்பு, ஓரிடத்திற் பிறந்து வேறோரிடம்வரை ஓடுவது. 1975ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக் என்னும் கனடிய உளவியலறிஞர், நோவை அளப்பதற்கென ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். நோயாளர் தம் நோவைச் சொல்ல வழங்கும் சொற்கள் 78ஐ இருபது தொகுதிகளாக வகுத்தமைத்தது அது. அவர் பணியாற்றிய மக்கில் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. நோயாளர் தேர்ந்தெடுக்கும் சொல்லிலிருந்தே நோவின் தன்மையையும் அளவையும் உணரலாம் என்பது அதன் அடிப்படை. நம் தோட்டத்துப் பெண்கள் அவ் வினாக்கொத்தைக் கண்டதில்லை. ஆயினும் அதற்கு வேண்டிய சொற்களெல்லாம் அவர்கள் நாவில் இருக்கின்றன.

கந்தோர்க் கடதாசியிலோ இவை அத்தனையும் 'முதுகுவலி' என்னும் ஒரே சொல்லாய்ச் சுருங்கிவிடுகின்றன. அச் சுருக்கத்தால் விளையும் கேட்டையே ஈண்டு ஆராய எண்ணினோம். இலக்கியப் பகுதியில் இதற்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு பெண்ணின் கோரிக்கை சொல்லின்மையால் தோற்குமாயின், அது சொல்லைக் கற்பிக்கும் நமக்கு வந்த வழக்கே.

எஹலியகொட, இரத்தினபுரி மாவட்டத்தில், கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் பெருவீதியில், அவிசாவளைக்கு அப்பால் உள்ள ஊர். 1912இல் இரத்தினபுரிவரை நீண்ட சிறு புகையிரதப் பாதை இவ்வூர் வழியாகவே சென்றது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1976இல் மூடப்பட்டபின் எல்லாப் போக்குவரத்தும் பஸ்ஸிலேதான். வயல்களில் மாணிக்கக் குழிகள். மேடுகளில் இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும். மலைநாட்டுக் குளிர் இங்கே இல்லை. மழையும் புழுக்கமும் அட்டையும் உண்டு.

பால்வெட்டு விடியுமுன் தொடங்குவது. வெயில் ஏறினால் மரத்திற் பால் சுரக்கும் வேகம் குறைந்துவிடும். ஒருவருக்கு இருநூறு, முந்நூறு மரம் என்று பங்கு விடுவர். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, வெட்டுவரை தாழ இருந்தாற் குனிந்தும், மேலே இருந்தால் அண்ணாந்து கையை உயர்த்தியும், மரப்பட்டையை மெல்லிதாகச் சீவுதல் வேண்டும். கத்தி ஆழ இறங்கினால் மரம் கெடும். மேலோட்டமாகப் போனாற் பால் வாராது. மணிக்கட்டும் தோளும் இடுப்பும் ஒரே அசைவை முந்நூறு தடவை செய்கின்றன. பின்னர் அதே மரங்களை மீண்டும் சுற்றிச் சிரட்டைகளிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, வழுக்கும் சரிவில் இறங்கி, நிறுக்கும் இடத்துக்குச் சுமந்து செல்லுதல் வேண்டும். ஓர் ஆண்டு செய்தவருக்கு இது பழக்கம். இருபது ஆண்டு செய்தவருக்கு இதுவே நோய்.

அத்தகைய ஒருவரை நாம் அறிவோம். பெயர் வேண்டா. வயது நாற்பத்தாறு. பதினெட்டு ஆண்டு பால்வெட்டியவர். மழை விட்ட ஒரு காலையில் பால்வாளியோடு சரிவில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தனர். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தனர். படம் தெளிவாக இருந்தது. மூன்று வாரத்திற் குணமாகும் என்றனர். மூன்று ஆண்டு சென்றுவிட்டது. காலையில் எழுந்தால் இடுப்பிலிருந்து இடக்காலின் பெருவிரல்வரை இழுக்கிறது. பத்து நிமிடம் நின்றால் உட்காரவேண்டும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் எழவேண்டும். மாதம் இருபது நாளுக்கு மேல் பெரட்டுக்குப் போனவர், பின்னர் பத்து நாள் போனார், பின்னர் ஐந்து. அங்கவீனர் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார். அக் கொடுப்பனவு 2023இல் அஸ்வெசும என்னும் நலன்புரித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டபோது மாதம் 5,000 ரூபா. 2024இல் 7,500 ஆகவும், 2025இல் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. செல்வர்க்கு இது சிறுதொகை. லயத்தில் இரண்டு பள்ளிப்பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு அரிசியும் பஸ் கட்டணமும் அதுவே. பல மாதம் கழித்து விடை வந்தது. ஒற்றை வரி: விண்ணப்பதாரரிடம் அங்கவீனம் எதுவும் காணப்படவில்லை.

அவ் வரியை அவர் நம்மிடம் கொண்டுவந்து, "இதுல என்னாங்க ஐயா எழுதியிருக்கு? நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

பொய் என்று எழுதவில்லை. எழுதியதை இலக்கண முறையால் நோக்குவாம். 'காணப்படவில்லை' என்பது செயப்பாட்டுவினை. கண்டிருக்கவேண்டியவர் யாவர் என்பது தொடரில் மறைந்து நிற்கிறது. எதனைக் கொண்டு கண்டனர், எவ்வளவு நேரம் கண்டனர், எதனைத் தேடினர் என்பனவும் இல்லை. 'காணப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. புகையைக் காணாதவன் தீ இல்லை என்று துணிதல் கூடாது என்பது தருக்க நூல் படித்த எவர்க்கும் தெரியும். காய்ச்சிய இரும்பிற் புகையில்லாத் தீ உண்டு என்பதே அங்குக் காட்டும் எடுத்துக்காட்டு. ஒரு கருவியாற் காணமுடியாத பொருளை அக் கருவியாற் காணவில்லை என்று சொல்வது உண்மையே. அதனைக் கொண்டு அப் பொருள் இல்லை என்று முடிபு கூறியதே பிழை. எனவே மேன்முறையீட்டில் மறுக்கவேண்டியது வைத்தியரின் கண்ணை அன்று. அக் கண்ணுக்குக் கொடுக்கப்பட்ட வினாவை.

இன்னொன்றும் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உள்ளத்து உணர்வு உடம்பின்வழிப் புறத்தே புலனாவதை எட்டாக வகுத்தார். அழுகைக்குரிய நிலைக்களன்களுள் அசைவு என்பதை ஒன்றாக வைத்தார். முன்னிருந்த நல்ல நிலை கெட்டு, வேறாகி வருந்துதல் என்று அதற்கு உரைகாரர் பொருள் கூறுவர். இறத்தலும் இழத்தலும் வேறு, அசைவு வேறு என்று பிரித்த நுட்பம் வியக்கத்தக்கது. கையிழந்தவனுக்கு இழவு, கையிருந்தும் அது முன்போல் வினைசெய்யாதவனுக்கு அசைவு. இன்றைய சட்டங்கள் பலவற்றுக்கு இந்த இரண்டாவது வகையைக் கண்டுகொள்ள நெடுங்காலம் சென்றது.

மெய்ப்பாடு காண்போர்க்குப் புலனாதல் வேண்டும். நம் அம்மையார் பரிசோதனைக்குச் சென்ற நாளில் நல்ல சேலை உடுத்து, தலைவாரி, பெரியவர்களைக் கண்டதும் எழுந்து சிரித்து வணங்கியிருக்கிறார். கங்காணிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் முன்னால் நோவைக் காட்டாது நிற்கப் பதினெட்டு ஆண்டு பழகிய உடம்பு அது. காட்டினாற் பெயர் விழாது. பெயர் விழாவிட்டாற் கூலி இல்லை. அந்தப் பயிற்சியே பரிசோதனை அறையில் அவருக்கு எதிர்ச்சான்று ஆயிற்று.

சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பது. உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாடு காரணமாக, அது பிறவியிலேயே வந்ததாயினும் அன்றாயினும், வாழ்க்கைக்கு வேண்டியவற்றை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தாமே தேடிக்கொள்ள இயலாதவர் எவரோ அவரே அங்கவீனமுடையவர் என்ற கருத்தில் அச் சட்டம் பொருள்வரையறை செய்கிறது. இவ் வரையறையிற் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும் என்ற சொல் இல்லை. எக்ஸ்ரே என்ற சொல்லும் இல்லை. 'ஒரு பகுதியாகவோ' என்பது இருக்கிறது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் சமவாயம் நீண்டகாலக் குறைபாடும் சுற்றுப்புறத் தடையும் சேர்ந்து ஒருவரைப் பிறரோடு ஒப்ப வாழவிடாது தடுப்பதை நோக்குகிறது. நூறு படி ஏறி நீரெடுக்கும் லயத்தில் வாழ்பவருக்கும், வாசலிற் குழாய் உள்ளவருக்கும் ஒரே முதுகுநோவு ஒரே அங்கவீனம் ஆகாது என்பதே அதன் பொருள்.

தொழிலின்போது நேர்ந்த காயத்துக்கு வேறொரு சட்டமும் உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அது. தொழிலால், தொழில் செய்யும் வேளையில் நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பாளி. அதன் அட்டவணை ஒன்றைப் படித்தவர்க்கு உடல் சிலிர்க்கும். இன்ன விரல் போனால் இத்தனை வீதம், கண் போனால் இத்தனை, கை போனால் இத்தனை என்று உறுப்புக்கு உறுப்பு உழைக்கும் ஆற்றலின் இழப்பைக் கணக்கிட்டிருக்கிறது. நோவுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. ஆயினும் அட்டவணையிற் சொல்லப்படாத காயத்தால் நிரந்தரமாக உழைப்பாற்றல் குறையுமாயின், குறைந்த அளவுக்கு ஏற்ப ஈடு தரவேண்டும் என்ற விதி பக்கத்திலேயே கிடக்கிறது. அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோரே மிகுதி. விபத்தைத் தாமதமின்றி அறிவித்துப் பதிவித்தல் இதற்கு இன்றியமையாதது. 'சுளுக்குத்தானே' என்று விட்டுவிட்டவர்கள் பின்னாளில் இடர்ப்படுவர்.

கண்ணுக்குத் தெரியாத நோவுக்காக நீதிமன்றம்வரை சென்று வென்றவர்கள் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்டு. கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் இருவர். ஒருவர் ரூத் லசூர் என்னும் பஸ் சாரதி. 1987இல் தம் வண்டியிலிருந்து விழுந்து முதுகிலும் கையிலும் அடிபட்டவர். மற்றவர் டொனால்ட் மார்ட்டின். 1996 பெப்ரவரியிற் பாரம் தூக்கும்போது இடுப்பில் நோவுற்றவர். இருவரும் மீண்டும் மீண்டும் வேலைக்குத் திரும்ப முயன்றனர். நோவு மிகுந்ததே அன்றிக் குறையவில்லை. அம் மாகாணத்துத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமோ நாட்பட்ட நோவு என்ற பெயர் வந்தவுடனேயே வழக்கமான ஈட்டுரிமையை விலக்கிவைத்தது. அதற்கு மாற்றாக நான்கு வாரப் பயிற்சியொன்றை வைத்தது. அதற்குப் பின் ஒன்றுமில்லை. அப் பயிற்சியும் எல்லார்க்கும் இல்லை.

இருவரின் வழக்கும் படிப்படியாக ஏறிக் கனடாவின் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2003 ஒக்டோபர் 3ஆம் திகதி நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கொந்தியே. காயம் பட்ட இடத்திற் கருவியாற் காணத்தக்க அடையாளம் இல்லாவிடினும் இந் நோயாளர் படும் துன்பமும், அதனால் வரும் இயலாமையும் மெய்யானவை என்பதை அவர் தீர்ப்பின் தொடக்கத்திலேயே கூறிவிட்டார். பொய்க் கோரிக்கைகள் வரும் என்ற அச்சத்தை நீதிமன்றம் தள்ளிவிடவில்லை. பொய்யரைத் தடுக்கவேண்டும் என்பதற்காக மெய்யர் அனைவரையும் தனித்தனி ஆராயாமல் ஒருசேர வெளியே தள்ளுதல் சமத்துவ உரிமைக்கு மாறானது என்றது. அச் சட்டப்பிரிவு செல்லாதாயிற்று. புதிய விதி செய்ய ஆறு மாதத் தவணை தரப்பட்டது.

வெற்றியின் அளவையும் சொல்லவேண்டும். பின்னர் வந்த விதிகள் நாட்பட்ட நோவுக்கு நிரந்தரக் குறைபாடாக 3 வீதம் அல்லது 6 வீதம் என்று அளந்தன. மிதமான நோவுக்கு மூன்று, மிகுந்த நோவுக்கு ஆறு. பதினாறு ஆண்டு காத்திருந்தவருக்கு இது பெருந்தொகை அன்று. ஆனால் பூச்சியத்துக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளி மூன்று அன்று. பூச்சியம் 'நீ பொய்யன்' என்கிறது.

மருத்துவ நூலாரின் கருத்தும் மாறிவந்திருக்கிறது. நோவு என்பது காயத்திலிருந்து மூளைக்கு மணியடிக்கும் கயிறு போன்றது என்பதே முன்னையோர் எண்ணம். கயிறு இழுக்கப்படாவிட்டால் மணி அடிக்காது; ஆகவே காயம் இல்லையேல் நோவும் இல்லை. 1965இல் மெல்சாக்கும் பற்றிக் வோலும் முதுகுத்தண்டிலே நோவின் செய்தியைக் கூட்டியும் குறைத்தும் விடும் வாயில் போன்ற அமைப்பு உண்டென்று விளக்கினர். பின்வந்த ஆய்வுகள் நரம்புத் தொகுதியே தன் இயல்பு மாறி, காயம் ஆறியபின்னும் நோவை விளைவித்துக்கொண்டிருக்கும் என்று காட்டின. உலக சுகாதார தாபனத்தின் நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவு அதில் தனி இலக்கம் பெற்றது. பிறிதொரு நோயின் அறிகுறியாக அன்றித் தானே நோயாக நிற்கும் நோவு என்பதும் அதில் இடம் பெற்றிருக்கிறது. நோயாளர் தம் நோவைப் பற்றிக் கூறுவதை மதித்து ஏற்றல் வேண்டும் என்று அனைத்துலக நோவாய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகளில் எழுதிவைத்தது.

படத்தை மட்டும் நம்புவோர்க்கு ஒரு செய்தி. எந்த முதுகுநோவும் இல்லாதவர்களின் முள்ளந்தண்டுப் படங்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இருபது வயதினரில் 37 வீதத்தினருக்கும், எண்பது வயதினரில் 96 வீதத்தினருக்கும் முள்ளந்தண்டு வட்டுத் தேய்வு படத்திற் காணப்பட்டது. நோவில்லாதவரிடம் தேய்வு உண்டு. நோவுள்ளவரிடம் தெளிந்த படம் உண்டு. ஆகவே படம் இருபுறமும் சான்றாக மாட்டாது. முறிவையும் கட்டியையும் காட்டுவதற்கு அது மிக நல்ல கருவி. நோவைக் காட்ட அது பிறந்ததன்று.

அங்ஙனமாயின் எதனைச் சான்றாகக் கொள்வது? இலண்டனில் வாழும் நம் உறவினர் பலர் அறிந்த ஒரு முறையை இங்கே குறிப்பிடலாம். பிரித்தானியாவில் 2013 முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் அங்கவீனக் கொடுப்பனவில், ஒருவர் ஒரு செயலைச் செய்யக்கூடியவரா என்று முடிவுசெய்வதற்கு நான்கு அளவைகள் வைத்திருக்கின்றனர். இடரின்றிச் செய்ய முடியுமா. ஏற்கத்தக்க தரத்திற் செய்ய முடியுமா. வேண்டியபோதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா. நியாயமான நேரத்திற்குட் செய்ய முடியுமா. அங்கும் மறுப்புகள் ஏராளம். மறுக்கப்பட்டவர் முதலிற் மீளாய்வு கேட்டு, பின்னரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயம்வரை சென்று விசாரிக்கப்பட்டவற்றிற் பாதிக்கு மேல் பல ஆண்டுகளாகக் கோரியவர் பக்கமே முடிந்திருக்கின்றன. அந்நாட்டு விதி நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வினாக்கள் நல்ல வினாக்கள். இரவல் வாங்குவதிற் குற்றமில்லை. நம் அம்மையாரால் ஒரு மரத்தை வெட்ட முடியும். வைத்தியர் முன்னிலையில் குனியச் சொன்னாற் குனிவார். முந்நூறாவது மரத்தில் என்ன ஆகும், மறுநாட் காலை என்ன ஆகும் என்பதைக் கேட்டவர் யார்?

மேன்முறையீடு எழுத அமரும் ஆசிரிய அன்பர்களுக்கு அணியிலக்கணம் உதவும் என்றால் நகைக்க வேண்டா. தண்டியலங்காரம் பொருளணிகளுள் முதலாவதாக வைத்திருப்பது தன்மையணி. உள்ளதை உள்ளவாறு சொல்வது. அதிசய அணி வேறிடத்திற்கு உரியது. மனு எழுதும் நம்மவர்க்கோ அதிசய அணியிலேயே நாட்டம். 'எழுந்து நடக்கவே முடியாது, சாவை எதிர்நோக்கிக் கிடக்கிறேன்' என்று எழுதிக் கொடுப்பர். விண்ணப்பதாரர் அதே மனுவைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறிக் கந்தோருக்குள் நடந்து வருவார். அந்தக் கணத்திலேயே வழக்குத் தோற்றது. 'நூறு அடி நடந்தபின் நிற்கவேண்டும். நின்று ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் நடக்கலாம். மாலையில் ஐம்பது அடியே முடியும்' என்று எழுதினால் நடந்து வந்ததும் சான்றாகும். தீய நாளையும் நல்ல நாளையும் இரண்டையும் எழுதவேண்டும். மாதத்தில் எத்தனை நாள் தீயன என்பதையும் எழுதவேண்டும். நல்ல நாளே இல்லை என்பவனை எவரும் நம்பார்.

நாட்குறிப்பு நன்று. நம் அம்மையாருக்கு எழுத்து மிகுதியும் வாராது. அவர் மகள் ஏழாம் வகுப்புப் படிப்பவள். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நாள்தோறும் மூன்று வரி எழுதச் சொன்னோம்: என்ன வேலை தொடங்கினார், எப்போது நிறுத்தினார், இரவில் எத்தனை முறை விழித்தார். அப் பிள்ளை எழுதிய தமிழிற் சந்திப்பிழை உண்டு. நாம் திருத்தவில்லை. 'அம்மா மாவு பிசைய ஆரம்பித்தார், பாதியில் நான் பிசைந்தேன்' என்ற வரியைக் காட்டிலும் தெளிவாக ஒரு வைத்திய அறிக்கையும் சொல்லிவிட முடியாது.

மிகச் சிறந்த சான்று வேறிடத்தில் இருந்தது, தோட்டத்தின் செக்ரோலில். விழுவதற்கு முந்திய ஆண்டு எத்தனை நாட் பெயர், எத்தனை கிலோ பால். விழுந்த ஆண்டு எத்தனை. அதற்கு அடுத்த ஆண்டு எத்தனை. ஊழியர் சேமலாப நிதிக் கூற்றிலும் அதே சரிவு தோன்றும்; தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டும் தொகை சம்பளத்தோடு சேர்ந்தே குறைகிறது அன்றோ? இதுவே தொல்காப்பியர் சொன்ன அசைவின் கணக்கு. நோவை அளக்கும் தராசு கிடைக்காவிடினும், நோவு தின்ற நாள்களை எண்ணிவிடலாம். நோவால் நடித்து மாதந்தோறும் பத்து நாட் கூலியை மூன்றாண்டு இழப்பவர் எவரேனும் உளரோ என்ற வினாவை மேன்முறையீட்டில் அடக்கமாக வைத்தோம்.

ஓர் எச்சரிக்கை. சேமலாப நிதியை வயது வருமுன் எடுப்பதற்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலைசெய்ய இயலாமை என்பது ஒரு காரணம். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏற்கிறது. ஒரு கந்தோரில் முழு இயலாமை என்றும், இன்னொன்றிற் பகுதி இயலாமை என்றும் ஒருவருக்கு இருவேறு மனு எழுதிக் கொடுப்போர் இருக்கின்றனர். இரண்டு கடதாசியும் ஒருநாள் ஒரே மேசையிற் சந்திக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தமும் 1988இல் வந்த பதினாறாம் திருத்தமும் தமிழுக்கு அளித்த நிலையின்படி, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள சப்பிரகமுவையிலும் ஒருவர் அரச உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதலாம். தமிழில் விடை பெறும் உரிமையும் உடையவர். இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் குறைவு. இடையே ஒருவர் சிங்களத்தில் எழுதித் தருவார். குடைச்சலும் இழுப்பும் எரிவும் அவ்விடத்திலேயே 'முதுகுவலி' ஆகிவிடும். சிங்களம் சொல்வளம் இல்லாத மொழியன்று. எழுதித் தருபவருக்கு நேரமில்லை, அவ்வளவே. மறுப்புக்குக் காரணம் தெரியாவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அக் கோப்பின் பிரதியையும் வைத்தியக் குறிப்பையும் கேட்கலாம். கேட்டதற்குத் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். காரணமற்ற மறுப்பை மறுத்து எழுதுதல் இருளிற் கல்லெறிதல் போன்றது. முதலிற் காரணத்தைக் கேட்டுப் பெறுதலே முறை.

அவ்வாறே கேட்டோம். கிடைத்த கோப்பில் வைத்தியக் குறிப்பு மூன்று சொல். 'நடக்கிறார். எக்ஸ்ரே சாதாரணம்.' இழுப்பைப் பற்றியோ, பெயர்நாள் குறைந்ததைப் பற்றியோ அதில் ஒன்றுமில்லை; எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேன்முறையீட்டை ஒன்றரைப் பக்கத்துள் அடக்கினோம். நாட்குறிப்பிலிருந்து முப்பது நாளைப் படியெடுத்து இணைத்தோம். வாசித்துக் காட்டியபோது அம்மையார் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். "கடுப்புன்னு போட்டிருக்கீங்களே ஐயா, அது தோளுக்கு. இடுப்புக்குக் குடைச்சல்." மாற்றி எழுதினோம்.

பதிவுத் தபாற் பற்றுச்சீட்டு அவர் அடையாள அட்டை உறைக்குள் இருக்கிறது. மீண்டும் பரிசோதனைக்கு வரும்படி தமிழிலேயே கடிதம் வந்திருக்கிறது. செக்ரோற் பிரதியைத் தோட்டத் தலைவர் இருமுறை கேட்டுவிட்டார். அடுத்த சம்பள நாளுக்குமுன் தருவதாகச் சொல்லியிருக்கின்றனர்.